நடுரோட்டில் தூக்கில் போட்டால் குற்றம் குறையுமா?

ஒரு சிறுமிக்கோ மாணவிக்கோ கொடுமை நடந்த செய்தி வரும் ஒவ்வொரு முறையும் அதே குரல்கள் எழுகின்றன. "கோர்ட்டு, வாய்தா எல்லாம் எதுக்கு? நடுரோட்டுல நிக்க வச்சு சுடணும்." "அரபு நாட்டுல மாதிரி எல்லாரும் பார்க்கத் தலையை வெட்டினா எவனுக்குத் துணிச்சல் வரும்?" இந்தக் கோபத்தில் பொய் கிடையாது. பெண் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பிவிட்டு, அவள் திரும்பும் வரை வாசலிலேயே நிற்கிறவர்களின் பயத்திலிருந்து அது வருகிறது.

ஆனால் அந்தக் குரலுக்குள் ஒரு கணக்கும் இருக்கிறது. தண்டனை எவ்வளவு பயங்கரமோ, அதை எத்தனை பேர் பார்க்கிறார்களோ, அந்த அளவுக்குக் குற்றம் குறையும் என்ற கணக்கு. இந்தக் கணக்கைப் பல நாடுகள், பல காலங்களில் போட்டுப் பார்த்திருக்கின்றன. விடை என்ன வந்தது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## எதற்காகத் தண்டிக்கிறோம்?

தண்டனை என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு வேறு நோக்கங்கள் இருக்கின்றன. விவாதங்களில் இவை ஒன்றோடொன்று கலந்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

1. ஈடுகட்டுதல். செய்த தப்புக்கு அனுபவிக்க வேண்டும் என்ற நியாய உணர்வு. இதனால் நாளைக்குக் குற்றம் குறைகிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை.
2. முடக்குதல். குற்றவாளியைச் சிறையில் வைத்தால், உள்ளே இருக்கும் வரை வெளியே வந்து இன்னொருவரைத் தொட முடியாது.
3. திருத்துதல். வெளியே வரும்போது வேறு ஆளாக வர வைப்பது.
4. அச்சுறுத்தித் தடுத்தல். இவனுக்கு நடந்ததைப் பார்த்து, இதே எண்ணத்தில் இருக்கும் இன்னொருவன் பின்வாங்க வேண்டும்.

"நடுரோட்டில்" என்று சொல்லும்போது நாம் பேசுவது நான்காவதைப் பற்றி. முதல் நோக்கத்துக்காக ஒருவர் கடும் தண்டனை கேட்டால் அது அவருடைய நீதி உணர்வு, அதற்குப் புள்ளிவிவரத்தில் பதில் கிடையாது. "அப்பதான் பயம் வரும்" என்று சொன்னால் அது நடைமுறை பற்றிய கூற்று. அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

## பயத்தின் மூன்று கூறுகள்

இத்தாலியில் செசாரே பெக்காரியா என்பவர் 1764-இல், தன் 26-ஆவது வயதில், தண்டனை பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். சித்திரவதையும் மரண தண்டனையும் அன்றாடமாக இருந்த காலம் அது. தண்டனை பயம் மூன்று விஷயங்களால் ஆனது என்பது அவர் வாதத்தின் சாரம். மாட்டுவோம் என்ற நிச்சயம், சீக்கிரம் மாட்டுவோம் என்ற வேகம், மாட்டினால் என்ன ஆகும் என்ற கடுமை. இவற்றில் நிச்சயம்தான் முதன்மை என்றார். தப்பிக்க வழியுள்ள கொடூரத் தண்டனையைவிட, தப்பவே முடியாத மிதமான தண்டனைக்கு மனிதன் அதிகம் அஞ்சுவான் என்பது அவர் முடிவு.

இதைப் புரிந்துகொள்ள இத்தாலிக்குப் போக வேண்டாம். நம்மூர் மெயின் ரோட்டில் சிக்னலுக்கு நூறு அடி முன்னால் நின்று பார்த்தால் போதும். பைக்கில் வருகிறவரின் ஹெல்மெட் முழங்கையில் தொங்கிக்கொண்டிருக்கும், அல்லது பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும். தூரத்தில் வெள்ளைச் சட்டை தெரிந்ததும் வண்டி மெதுவாகி, ஹெல்மெட் தலைக்கு ஏறுகிறது. சிக்னலைத் தாண்டி இரண்டாவது திருப்பத்தில் மறுபடி முழங்கைக்கு இறங்குகிறது. இந்த நூறு அடிக்குள் அபராதத் தொகை ஒரு ரூபாய்கூட மாறவில்லை. மாறியது மாட்டும் வாய்ப்பு மட்டும்தான். சொல்லப்போனால் ஹெல்மெட் போடாததற்கான நிஜமான தண்டனை தலை சிதறிச் சாவது. அதைவிடக் கடுமையான தண்டனை எந்தச் சட்டத்திலும் இல்லை. அதற்கு அஞ்சாதவர் அபராத ரசீதுக்கு அஞ்சுகிறார். ரசீது நிச்சயம், சாவு "நமக்கு வராது".

## டென்மார்க்கில் போலீஸ் இல்லாத மாதங்கள்

நிச்சயத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு உலகில் அபூர்வமாகத்தான் கிடைக்கும். 1944-இல் டென்மார்க்கில் அது கொடூரமான முறையில் கிடைத்தது. நாட்டை ஆக்கிரமித்திருந்த ஜெர்மன் ராணுவம், செப்டம்பர் 19 அன்று டேனிஷ் போலீஸ் படையையே கலைத்து, ஏறத்தாழ 2,000 பேரை வதைமுகாம்களுக்கு அனுப்பியது. ஆயுதமில்லாத காவல் குழுக்கள் தவிர வேறு போலீஸ் இல்லாமல் நாடு மாதக்கணக்கில் நடந்தது.

சட்டப் புத்தகம் அப்படியே இருந்தது. பிடிபட்ட சிலருக்கு முன்பைவிடக் கடுமையான தண்டனையே கிடைத்தது. ஆனாலும் கோபன்ஹேகனில் மாதம் பத்து என்ற அளவில் இருந்த கொள்ளைகள் மாதம் நூறைத் தாண்டின. இதில் கூர்ந்து பார்க்க வேண்டியது இன்னொன்று. கையாடல், மோசடி போன்ற குற்றங்கள் அந்த அளவுக்குக் கூடவில்லை. ஏனென்றால் அவற்றில் குற்றம் தெரிந்தாலே செய்தவர் யார் என்று தெரிந்துவிடும், போலீஸ் இல்லாவிட்டாலும். முகம் தெரியாமல் தப்பிக்க முடிந்த குற்றங்கள்தான் பாய்ந்து ஏறின. கடுமை அதே இடத்தில் இருக்க, நிச்சயம் ஒன்று விழுந்ததும் நடந்தது இது.

## கடுமையைக் கூட்டினால் என்ன நடக்கிறது?

சரி, நிச்சயமும் வேண்டும், கூடவே கடுமையும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றலாம். பிரச்சினை என்னவென்றால் கடுமையைக் கூட்டும்போது அது நிச்சயத்தைச் சாப்பிட ஆரம்பிக்கிறது. இங்கிலாந்து இதை நூறு ஆண்டுகளுக்கும் மேல் அனுபவித்துப் பார்த்தது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே 200-க்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை. வீட்டுக்குள் புகுந்து 40 ஷில்லிங் திருடினால் தூக்கு. பிக்பாக்கெட் அடித்தால் 1808 வரை தூக்கு. அதுவும் ஊர் கூடிப் பார்க்கத் தூக்கு. அந்தக் கூட்டத்துக்குள்ளேயே பிக்பாக்கெட்காரர்கள் வேலையைக் காட்டினார்கள். எல்லோர் கண்ணும் தூக்குமேடை மேல் இருக்கும்போது மடியில் கை போவது யாருக்குத் தெரியும்?

நீதிமன்றத்தில் நடந்தது இன்னும் முக்கியம். ஒரு பையனை ஒரு வெள்ளிக் கிண்ணத்துக்காகச் சாகடிக்க ஜூரிகளுக்கு, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல அமர்த்தப்பட்ட பொதுமக்களுக்கு, மனம் வரவில்லை. திருடப்பட்ட பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று தீர்ப்பு எழுதினார்கள். பொருள் அதைப்போல் பல மடங்கு பெறுமானம் என்றாலும் 39 ஷில்லிங்தான். பலர் அடியோடு விடுதலையும் ஆனார்கள். கடைசியில் 1830-இல், கள்ளக் கையெழுத்தால் நேரடியாக நஷ்டப்படும் வங்கி முதலாளிகளே அந்தக் குற்றத்துக்கான மரண தண்டனையை எடுத்துவிடும்படி நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். தூக்கு இருக்கும் வரை சாட்சி சொல்ல ஆள் வருவதில்லை, ஜூரி தண்டிப்பதில்லை, எங்கள் பணத்துக்குப் பாதுகாப்பே இல்லை என்பது அவர்கள் குறை. இரக்கத்தால் எழுதிய மனு அல்ல அது. தங்கள் பணப் பெட்டியைக் காக்க எழுதிய மனு. பொது இடத்தில் தூக்கிலிடும் வழக்கம் இங்கிலாந்தில் 1868-இல் முடிந்தது. பிரான்சில் 1939 வரை இருந்தது. வெர்சாய் நகரில் அந்த ஆண்டு ஜூனில் நடந்த கடைசித் தலைவெட்டில் கூட்டத்தின் நடத்தையைப் பார்த்து அரசே கூசி, அதன் பிறகு சிறைச் சுவருக்குள் கொண்டுபோய்விட்டது.

நம் நாட்டுப் பாலியல் குற்றங்களுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், கடுமை தன்னைத்தானே தோற்கடிக்கும் வழிகள் இவை:

1. புகார் வருவது குறையும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டு அண்ணன், வாத்தியார். "நீ வாயைத் திறந்தா அவரைத் தூக்குல போட்டுடுவாங்க, நம்ம குடும்பமே போயிடும்" என்று ஒரு குழந்தையிடம் சொல்ல வீட்டிலேயே ஆள் இருப்பார்கள்.
2. நீதிபதி தயங்குவார். தண்டனை திரும்பப் பெற முடியாததாக இருக்கும்போது சின்ன சந்தேகமும் பெரிதாகத் தெரியும். விசாரணை நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனைகளில், 2000 முதல் 2015 வரை, கடைசி மேல்முறையீடு வரை நிலைத்தவை 5 சதவீதத்துக்கும் குறைவு என்று டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு காட்டியது.
3. சாட்சியைக் கொல்லத் தூண்டும். வன்கொடுமைக்கும் கொலைக்கும் ஒரே தண்டனை என்றால், உயிரோடு விட்டால் அடையாளம் காட்டக்கூடிய ஒரே ஆளை விட்டுவைக்க அவனுக்கு என்ன காரணம் இருக்கிறது? கொள்ளைக்கும் கொலைக்கும் வேறு வேறு தண்டனை உள்ள நாட்டில் திருடர்கள் கொல்வதில்லை, ஒரே தண்டனை உள்ள நாட்டில் எப்போதும் கொல்கிறார்கள் என்று 1748-லேயே பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்க்யூ எழுதிவிட்டார்.

மூன்றாவதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. 12 வயதுக்குட்பட்ட சிறுமியை வன்கொடுமை செய்தால் மரண தண்டனை வரை என்று 2018-இல் சட்டம் திருத்தப்பட்டபோது, குழந்தைகளுக்காக வேலை செய்யும் பலர் அதை எதிர்த்ததற்கு இதுதான் முக்கியக் காரணம். குற்றவாளி மேல் இரக்கம் என்று அன்று அவர்களைத் திட்டினார்கள். அவர்கள் யோசித்தது அந்தக் குழந்தை உயிரோடு வீடு திரும்புவதைப் பற்றி.

## 2012-க்குப் பிறகு இந்தியா

டெல்லியில் 2012 டிசம்பர் 16 அன்று ஓடும் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பிறகு நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் குழு அமைந்தது. 29 நாட்களில், 80,000 பரிந்துரைகளைப் பரிசீலித்து அறிக்கை கொடுத்தது. நாடே தூக்குக் கேட்ட நேரத்தில், வன்கொடுமைக்கு மரண தண்டனை வேண்டாம் என்று அந்தக் குழு சொன்னது. போலீஸ் சீர்திருத்தம், புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரி மேல் நடவடிக்கை, மருத்துவப் பரிசோதனை முறையில் மாற்றம் என்று நிச்சயத்தைக் கூட்டும் வேலைகளைப் பட்டியலிட்டது. அரசு சில சீர்திருத்தங்களை ஏற்றது. கூடவே, குழு வேண்டாம் என்ற மரண தண்டனையையும் சேர்த்தது. பாதிக்கப்பட்டவர் இறந்தாலோ, மீளாத மயக்க நிலைக்குப் போனாலோ, குற்றவாளி இரண்டாம் முறை அதே குற்றத்தைச் செய்தாலோ தூக்கு வரை போகலாம் என்றது 2013 திருத்தம்.

நாட்டில் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் 2012-இல் 24,923. 2013-இல் 33,707. 2019-இல் 32,033. டெல்லி வழக்கின் குற்றவாளிகள் நான்கு பேர் 2020 மார்ச் 20 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். 2022-இல் பதிவானவை 31,516.

இந்த எண்களை அவசரப்பட்டு வாசிக்கக் கூடாது. 2013-இல் ஏறியதற்கு, பெண்கள் துணிந்து புகார் கொடுத்ததும், சட்டத்தில் குற்றத்தின் வரையறை விரிந்ததும் பெரிய காரணங்கள். ஆக, சட்டம் கடுமையானதால் குற்றம் கூடிவிட்டது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. குறைந்தது என்றும் சொல்ல முடியாது. ஆனால் இன்னொரு எண் ஏறத்தாழ அசையாமல் நிற்கிறது. தீர்ப்பு வந்த வன்கொடுமை வழக்குகளில் தண்டனை கிடைப்பது நூற்றுக்கு 27, 28 என்ற அளவில். ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் நீதிமன்றங்களில் உள்ள இவ்வகை வழக்குகளில் பத்தில் ஒன்பது பங்கு முடியாமல் கிடக்கிறது. கடுமையை நாடாளுமன்றத்தில் ஒரே நாளில் கூட்டிவிடலாம். இந்த எண்களை அசைக்க ஆய்வகம் வேண்டும், அரசு வழக்கறிஞர் வேண்டும், நீதிபதி வேண்டும், பயிற்சி பெற்ற விசாரணை அதிகாரி வேண்டும். எல்லாவற்றுக்கும் பணமும் ஆண்டுகளும் ஆகும்.

## "சிங்கப்பூரைப் பாருங்கள்"

நம் வீடுகளில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு சொந்தக்காரர் இருப்பதால் இந்த வாதம் தவறாமல் வரும். அங்கே பிரம்படி உண்டு, தூக்கு உண்டு. 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. ஏறக்குறைய 43 கிராம் கொண்டுவந்ததற்காக, அறிவுத்திறன் குறைந்தவர் என்று உலகெங்கும் கருணை கேட்ட பிறகும், மலேசியத் தமிழர் ஒருவர் 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். இரவு இரண்டு மணிக்கும் பெண்கள் தனியாக நடக்கிறார்கள் என்பதும் உண்மை.

ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு எது காரணம்? சிங்கப்பூரையும் ஹாங்காங்கையும் பக்கத்தில் வைத்து ஆராய்ச்சியாளர்கள் 35 ஆண்டுகாலக் கொலைக் கணக்கை ஒப்பிட்டார்கள். இரண்டும் துறைமுக நகரங்கள், இரண்டும் பிரிட்டிஷார் ஆண்டவை, இரண்டும் நெரிசலானவை, பணக்கார நகரங்கள். ஹாங்காங்கில் 1966-க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை, 1993-இல் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் 1990-களின் நடுவில் தூக்குகள் உச்சத்துக்குப் போயின. கொலை விகிதமோ இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இறங்கியது. இரண்டுக்கும் பொதுவானது, லஞ்சம் வாங்காத போலீஸும், புகார் கொடுத்தால் நடவடிக்கை வரும் என்ற நம்பிக்கையும். நம் சொந்தக்காரர் அங்கே சிகரெட் துண்டைக் கீழே போடாததற்குக் காரணம் பிரம்பு இல்லை. யாராவது பார்த்து அபராதம் போடுவார்கள் என்று அவருக்கு உறுதியாகத் தெரியும்.

## அவமானம் என்ற ஆயுதம்

இதுவரை கடுமை. இனி அம்பலப்படுத்துவது. கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதை மேல் ஏற்றி ஊர்வலம் விடுவது நம் பேச்சு வழக்கில் இன்றும் உயிரோடு இருக்கும் தண்டனை. உடம்புக்குச் சேதமில்லை, செலவில்லை, பார்க்கிறவனுக்குப் பாடம் என்று தோன்றும்.

1980-களின் நடுவில் ராஜஸ்தானில் ஒரு வரதட்சணைக் கொலை வழக்கில், குற்றவாளியை ஜெய்ப்பூரில் பொது மைதானத்தில் மக்கள் முன் தூக்கிலிடும்படி உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. காட்டுமிராண்டித்தனமான குற்றத்துக்குக் காட்டுமிராண்டித்தனமான தண்டனை தேவையில்லை, பொது இடத்தில் தூக்கிலிடுவது அரசமைப்பின் 21-ஆவது பிரிவுக்கு எதிரானது என்றது.

உரிமை பற்றிய கேள்வியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவமானம் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்ப்போம். ஆஸ்திரேலியக் குற்றவியலாளர் ஜான் பிரெய்த்வெய்ட் இதில் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டினார். "நீ செய்தது கேவலம், ஆனால் நீ எங்கள் ஆள், சரிசெய்துவிட்டு வா" என்பது ஒரு வகை. "நீயே கேவலம், உனக்கு இங்கே இடமில்லை" என்பது இன்னொன்று. அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற கூச்சம் பலரைத் தவறிலிருந்து தடுக்கிறது. இது முதல் வகை. இரண்டாவது வகை, இழப்பதற்கு இனி எதுவுமில்லாத ஆளை உருவாக்குகிறது. வேலை தர மாட்டார்கள், வீடு தர மாட்டார்கள், சேர்த்துக்கொள்வது அவனைப் போன்ற மற்றவர்கள் மட்டும்தான்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1871-இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பை வைத்தே முழுச் சமூகங்களைக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியது. மதுரைப் பக்கம் அதற்குக் கைரேகைச் சட்டம் என்று பெயர். ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், ராத்திரியானால் ஊர் அறியக் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். புதுமாப்பிள்ளைக்கும் விலக்கு இல்லை. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-இல் நீங்கியது. அது ஒட்டிவிட்டுப் போன பெயர், சட்டம் போன பிறகும் எத்தனையோ குடும்பங்களை விட்டுப் போகவில்லை. சந்தேக வழக்கு என்றால் முதலில் தட்டப்படும் கதவு அவர்களுடையதாகவே இருந்தது.

அமெரிக்காவில் பாலியல் குற்றவாளிகளின் பதிவேடு பற்றி நடந்த ஓர் ஆய்வும் கவனிக்கத்தக்கது. விவரம் போலீஸிடம் மட்டும் இருந்தபோது, தெரிந்தவர்களுக்கு எதிரான குற்றங்கள் குறைந்ததற்கான தடயம் தெரிந்தது. அதே விவரம் ஊருக்கே அறிவிக்கப்பட்டபோது, பதிவில் உள்ளவர்கள் மறுபடி குற்றம் செய்வது கூடியதற்கான அறிகுறி தெரிந்தது. கண்காணிப்பு நிச்சயத்தைக் கூட்டுகிறது. ஊர்த் தூற்றல் திரும்பும் வழியை அடைக்கிறது. இந்தியா 2018-இல் தொடங்கிய பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளம் விசாரணை அமைப்புகள் மட்டுமே பார்க்கக்கூடியதாக அமைந்தது சரியான முடிவு.

அப்புறம் மாவுக்கட்டு. கை கால் ஒடிந்து, கட்டுப் போட்டு, காவலர்களுக்கு நடுவே தலை குனிந்து நிற்கும் படம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் எவ்வளவு வரவேற்போடு சுற்றுகிறது என்பது தெரியும். கழிப்பறையில் வழுக்கி விழுந்தார் என்பதுதான் காரணமாகச் சொல்லப்படும். காவல் நிலையக் கழிப்பறை கைதானவர்களுக்கு மட்டும்தான் வழுக்குமா, போலீசார் யாரும் விழுவதில்லையா என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. கட்டுப் போட்ட அந்தக் கை யாருடையது என்று பார்த்தால், பெரும்பாலும் வக்கீல் வைக்க வசதியில்லாத இளைஞனுடையது. பல கோடி மோசடி செய்தவர் வழுக்கி விழுந்ததாகச் செய்தி வருவதில்லை.

## அவமானம் யார் மேல் விழுகிறது?

இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். நம் ஊரில் அவமானம் என்ற ஆயுதத்தின் பிடி குற்றவாளியின் கையில் இருக்கிறது.

2019-இல் வெளிவந்த பொள்ளாச்சிக் கொடுமை எப்படி அத்தனை காலம் வெளியே தெரியாமல் நடந்தது? பெண்களைப் பாலியல் கொடுமை செய்து, அதை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு, வெளியே விட்டுவிடுவோம் என்று மிரட்டினார்கள். சட்டத்தில் அவனுக்கு என்ன தண்டனை என்பது அந்தப் பெண்ணின் மனதில் அப்போது ஓடியிருக்காது. ஊர் என்ன சொல்லும் என்பது ஓடியிருக்கும். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பரில் ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமையிலும் மிரட்டல் அதே மாதிரிதான்.

இரண்டு வழக்கிலும் அடுத்து நடந்ததைப் பாருங்கள். பொள்ளாச்சியில் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் போலீஸ் அதிகாரியின் பேட்டியிலும் அரசாணையிலும் வெளியானது. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் மாணவியின் விவரங்களோடு எஃப்ஐஆரே இணையத்தில் வெளியானது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். இரண்டு வழக்கிலும் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பணம் வரும், போகும். அடுத்து இதே நிலையில் இருக்கும் பெண் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்த நேரத்தை எந்த உத்தரவாலும் திருப்பித் தர முடியாது. அவர் வராவிட்டால் குற்றவாளி மாட்டும் நிச்சயம் பூஜ்யம்.

## ஆள் மாறினால்?

நீதிமன்றம் இல்லாத தண்டனையில் வேகமும் கடுமையும் உண்டு. இவன்தானா என்று பார்ப்பதற்கு மட்டும் இடம் கிடையாது.

2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் செய்தி வட தமிழகம் முழுக்கப் பரவியிருந்தது. குலதெய்வக் கோயிலுக்காகச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில் வழி கேட்க நிறுத்தியது. காரில் இருந்த 65 வயது அம்மா, அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் திரண்டு அடித்ததில் அவர் இறந்துபோனார். அடித்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் குழந்தைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நம்பியிருப்பார்கள்.

ஹைதராபாத் அருகே 2019 நவம்பரில் இளம் கால்நடை மருத்துவர் கொல்லப்பட்டார். டிசம்பர் 6 அன்று, கைதான நால்வரையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீசார் மேல் பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையம், தற்காப்புக்காகச் சுட்டோம் என்ற கதை ஜோடிக்கப்பட்டது, பத்துப் போலீசார் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது. நால்வரில் மூவர் அப்போது 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் கண்டது. பூக்களுக்கு அடியில் மறைந்துபோன இன்னொரு விஷயம் உண்டு. கொலை நடந்த அன்று இரவு மகளைக் காணவில்லை என்று ஓடிய குடும்பத்தை, இது எங்கள் எல்லை இல்லை என்று நிலையம் மாற்றி அலையவிட்டிருந்தார்கள். தாமதத்துக்காக மூன்று போலீசார் பணியிடை நீக்கமும் செய்யப்பட்டார்கள். ஒரு வாரத்துக்குள் அந்தப் பேச்சே நின்றுபோனது.

நகை காணாமல் போன புகாரில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட மடப்புரம் கோயில் காவலாளி 2025 ஜூனில் போலீஸ் அடியில் இறந்தார். 2020-இல் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும். கடையை ஊரடங்கு நேரத்தைத் தாண்டித் திறந்து வைத்திருந்தார்கள் என்பது அவர்கள் மேலிருந்த புகார். "போலீஸ்னா ஒரு பயம் இருக்கணும்" என்று நாம் கைதட்டி வளர்த்த அதிகாரம் கடைசியில் வந்து நின்ற இடங்கள் இவை.

## எது வேலை செய்தது?

அண்ணா பல்கலைக்கழக வழக்கில் உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புக் குழுவை நியமித்தது. குற்றம் நடந்தது டிசம்பர் 23. தீர்ப்பு அடுத்த ஆண்டு மே 28. ஜூன் 2 அன்று, குறைந்தது 30 ஆண்டுகள் வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை. ஐந்தே மாதங்கள், முறையான விசாரணை. சட்டத்துக்குள்ளேயே இந்த வேகம் முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. ஊரே பார்க்கும் வழக்குக்கு மட்டும் கிடைத்த இந்த வேகம் விழுப்புரத்திலோ தென்காசியிலோ யாரும் பார்க்காத ஒரு வழக்குக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

பொள்ளாச்சி வழக்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. அந்தத் தாமதத்துக்கு மன்னிப்பே கிடையாது. ஆனாலும் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. தூக்கு இல்லை, என்கவுண்டர் இல்லை. மின்னணு ஆதாரங்கள் முறையாகச் சேகரிக்கப்பட்டிருந்தன. பாதிக்கப்பட்ட பெண்கள் எட்டுப் பேர் மூடிய அறையில், முகமும் பெயரும் வெளியே தெரியாமல், சாட்சி சொன்னார்கள். ஆறு ஆண்டுகளில் சிலருக்குத் திருமணம் ஆகியிருக்கும், சிலர் ஊர் மாறியிருப்பார்கள், யாருக்கும் எதுவும் தெரியாத புதிய வாழ்க்கை ஒன்று தொடங்கியிருக்கும். சம்மன் வரும் ஒவ்வொரு முறையும் அந்த வாழ்க்கையைப் பணயம் வைத்துத்தான் படியேற வேண்டியிருந்திருக்கும். எட்டுப் பேரில் ஒருவர்கூடப் பிறழ் சாட்சி ஆகவில்லை.